எழுதாமல் விட்ட பாதி

பாட்டை வரிவரியாக ரசித்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்தில் ஒரு வரியை உடனே படித்துவிட்டு நகர்வது மரியாதை இல்லை. நான் எடுத்துக்கொள்வது பாட்டு வரி அல்ல. லினக்ஸ் சர்வரின் ஃபயர்வாலில் எழுதும் ஐபிடேபிள்ஸ் வரி. 192.168.1.0/24 என்ற உள் நெட்வொர்க்கிலிருந்து கிளம்பி வெளி இன்டர்ஃபேஸ் வழியே போகும் எதையும், போஸ்ட்ரவுட்டிங் கட்டத்தில் மாஸ்கரேடு செய், அதாவது அனுப்புநர் முகவரியை மாற்று! அவ்வளவுதான் அது சொல்வது.

சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பியவர்கள், தலை காயுமுன்னே போட்டோ அனுப்பத் தொடங்குகிறார்கள். இந்த வரியால் அத்தனை போனுக்கும் வெளியே ஒரே முகவரி. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. போதாது என்று கண்டு, எகெவாங்கும் பால் ஃபிரான்சிஸும் 1994 மே மாதத்தில் இந்த உபாயத்தை எழுதிவைத்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். ஆசியா-பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்தது 2011 ஏப்ரலில். தற்காலிகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் மாற்றம் நடக்கும் இடத்தைப் பாருங்கள். பாக்கெட் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவாகி, ஃபயர்வாலின் ஃபார்வர்டு விதிகளையும் தாண்டி, வெளியேறும் கடைசித் தருணத்தில்தான் அனுப்புநர் முகவரி மாறுகிறது. அதனால் எந்த அறை போன் அனுப்பியது என்பது அந்த விதிகளுக்கு அசல் முகவரியோடு தெரியும். வெளியிலிருந்து உள்ளே ஒரு சர்வருக்குத் திருப்பிவிடும்போது வரிசை தலைகீழ்: அங்கே பெறுநர் முகவரி முதலிலேயே, ப்ரீரவுட்டிங்கில் மாறிவிடும். மாறாவிட்டால் வழி எப்படித் தெரியும்?

அடுத்தது அடக்கம். போன் தேர்ந்தெடுத்த போர்ட் எண்ணைக் கூடியவரை லினக்ஸ் தொடுவதில்லை. இரண்டு போன்கள் மோதிக்கொண்டால்தான் ஒன்றுக்கு வேறு எண். முகவரி மாறினால் செக்சம் பிழையாகுமே! முழு பாக்கெட்டையும் மறுபடி கூட்டுவதில்லை. பழைய முகவரிக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கில் சரிசெய்கிறது.

ஆனால் என்னை நிறுத்திவைப்பது வரியில் இல்லாத ஒன்று. போவதை மட்டுமே எழுதினோம். பதில் எப்படி வீடு திரும்பும் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. உள்ளே கான்ட்ராக் என்றொரு கணக்குப்பிள்ளை, முதல் பாக்கெட் கிளம்பும்போதே வரப்போகும் பதிலின் முகத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறார். அதற்குப்பின் அந்த இணைப்புக்காக நம் வரியை யாரும் படிப்பதே இல்லை. ஏட்டைப் பார்த்தே வேலை நடக்கிறது. நிலைபெற்ற டிசிபி இணைப்பு பேசாமல் கிடந்தாலும் இயல்பாக 5 நாள் காத்திருப்பார். பதிலே வராத யுடிபிக்கு 30 விநாடி. வெளி இன்டர்ஃபேஸ் விழுந்தால் மாஸ்கரேடு கணக்குகளை அழித்துவிடுவார், திரும்ப வரும்போது முகவரி மாறியிருக்கலாமே என்று. நிலையான முகவரி இருப்பவர்களுக்கு, அந்த முகவரியை வரியிலேயே எழுதிவிடும் எஸ்நாட் போதும்.

இதைக் கோட்டைச்சுவர் என்று நம்பிப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. முகவரி மாற்றுவது காவல் ஆகாது. ஃபார்வர்டின் இயல்பை டிராப் என்று வைத்து, உள்ளிருந்து தொடங்குவதையும் அதற்கான பதிலையும் மட்டும் அனுமதிக்கும் விதிகளைத் தனியே எழுத வேண்டும். கர்னலில் ஐபி ஃபார்வர்டு மதிப்பு 1 ஆகாதவரை நம் அழகான வரி ஊமைதான்.

ஓர் இடம் மட்டும் எனக்கு ருசிக்கவில்லை. கோப்பு அனுப்பும் பழைய எஃப்டிபி தன் முகவரியைப் பேச்சுக்குள்ளேயே எழுதி அனுப்பும். தலைப்பை மட்டும் திருத்தினால் பேச்சு பொய்யாகிவிடும் என்பதால், உள்ளே நுழைந்து அதையும் மாற்ற ஒரு தனி உதவி மாட்யூல் வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அது ஒட்டுப்போட்ட வேலை.