கட்டடக் கைந்நூல்களும் ஒல்லாந்தர் மனையும்

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரைக் கோட்டை கட்டியோராகவே நாம் அறிவோம். தம் தாய்நாட்டில் அவர் குடியிருக்கும் மனையை எங்ஙனம் அமைத்தனர் என்பது நம்மிற் பலர் எண்ணிப் பாராத பொருள். இத்தாலியிலிருந்து வந்த கட்டடக் கலைநூல்களே அவ்வீடுகளை ஆக்கின என்பாருளர். அக்கூற்றிற் பாதியே உண்மை என்பது எமது கருத்து.

நூல்கள் வந்தமை மெய்யே. செர்லியோ என்பார் ஐவகைத் தூண்களின் இலக்கணத்தை விளக்கி 1537இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட நூலை, இரண்டே ஆண்டில் பீற்றர் கூக்கே அன்ற்வேர்ப்பனில் டச்சு மொழியிற் பெயர்த்து அச்சிட்டார். விட்ரூவியசின் இலத்தீனை எட்டாத கொத்தனுக்கும் தச்சனுக்கும் படத்துடன் கூடிய நூல் கைக்கெட்டியது. ஆயினும் அந்நூல் வழி வந்தோரும் அதனை அப்படியே பின்பற்றினாரல்லர். ஹான்ஸ் விறெடெமன் டி விறீஸ் 1577இல் வெளியிட்ட தமது நூலில், நெதர்லாந்து நகரங்களில் நிலம் குறுகியது, வெளிச்சமும் வேண்டும், ஆதலின் உயரமாகவும் பல சாளரங்களுடனும் கட்டவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அவருடைய அலங்காரங்கள் அளவு கடந்தவை. எமக்கு அவை சலிப்பையே தருகின்றன. ஆனால் இந்த ஒரு நோக்கிற்காக அவரை மதித்தல் தகும்.

நிலத்தின் குறுக்கம் சிறு தடையன்று. அம்ஸ்ரடாம் கால்வாய்க் கரைகளில் மனை ஒன்றின் அகலம் பெரும்பாலும் முப்பது அடியளவே. அந்நகரின் அடி சிறியது. முப்பதடி ஏறத்தாழ எட்டரை மீற்றர். சேற்று நிலத்தில் மரக்கம்பங்களை அறைந்து, அவற்றின்மேல் ஒடுங்கி உயர்ந்த வீட்டை எழுப்ப வேண்டும். அத்தகைய வீட்டின் செங்குத்தான கூரையை மறைக்கும் முகப்புச் சுவர் முற்காலத்திற் படிபடியாய் ஒடுங்கி மேலேறிற்று. இத்தாலிய முக்கோண முகட்டையோ அகன்ற தூண் வரிசையையோ இதில் எங்கே பொருத்துவது? 1625இல் யாக்கோப் வான் காம்பன், கெய்சர்கிறாக்ற் கரையில் இரு வீடுகளை ஒரே முகப்பின்பின் அடக்கி அரைத்தூண்களுக்கு இடங்கண்டார். இது இரட்டை மனை வாங்க வல்ல வணிகர்க்கே ஏற்ற வழி.

ஒற்றை மனைக்கு வழி கண்டவர் பிலிப்ஸ் விங்போன்ஸ். ஹெரன்கிறாக்ற் 168ஆம் இலக்க வீட்டில், 1638இல், படிகளை நீக்கி நடுவே உயர்ந்த கழுத்துப் போன்ற பகுதியை நிறுத்தி, அதன் முடியிற் சிறு முக்கோண முகட்டை வைத்தார். நூலின் இலக்கணமும் நாட்டின் கூரையும் இங்கே பகையின்றிப் பொருந்துகின்றன. கத்தோலிக்கராதலின் நகராட்சியின் பெரும்பணிகள் அவருக்கு எளிதிற் கிட்டவில்லை. 1648இல் தம் கட்டடங்களின் படங்களையும் தளவமைப்புகளையும் அவர் நூலாக்கினார். இலக்கணம் சொல்வதினும் கட்டிய வீட்டைக் காட்டுவதே அந்நூலின் சிறப்பு.

ஸ்கமொற்சியின் நூலுக்கு நேர்ந்தது வேறு. 1615இல் வெளிவந்த அப்பெருநூல் நிலம், காற்று, நீர் ஆகியவற்றையும் ஆராய்ந்தது. 1640இல் டச்சு மொழியில் வந்ததோ தூண்களைப் பற்றிய ஆறாம் புத்தகம். 1657இல் சைமன் பொஸ்பூம் என்ற கற்றச்சர் அதனையும் அளவுகளாகச் சுருக்கினார். பட்டறைக்கு இது பேருதவி என்பதை மறுக்கோம். எனினும் மூலநூலின் ஆராய்ச்சி போய் அளவுகோல் மட்டும் எஞ்சியதே என்ற வருத்தம் எமக்குண்டு.

நூல்களின் ஆட்சி முகப்பளவில் நின்றது என்பதற்கு வீட்டின் உட்புறமே சான்று. முன்வீடு, ஒளிக்காக நடுவே சிறு முற்றம், அதன் பின்னே பின்வீடு என்ற அமைப்புப் பெரிய மனைகளிலும் தொடர்ந்தது. மேல்மாடத்துக்குப் பண்டங்களைக் கயிறு கட்டி ஏற்றுதற்கு முகப்பின் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீண்டிருக்கும். தூண் இலக்கணத்தில் அதற்கு இடமில்லை. கழுத்து முகப்பு வீடுகளிலும் அந்த உத்தரம் இன்றும் நீண்டே நிற்கின்றது.