பயணிகள் அவதி

2024 ஜனவரி 9-ம் தேதி தமிழகத்தில் அரசு பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பயணிகள் அவதிப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோரிக்கை என்ன? சட்டென்று சொல்ல வருகிறதா? ஓய்வுபெற்றவர்களுக்குப் பல வருஷமாக நிறுத்திவைத்த அகவிலைப்படி அதில் முக்கியமானது. இதெல்லாம் வழக்கமாகச் செய்தியின் வாலில்தான் வரும்.

நான் பி.காம். லாப நட்டக் கணக்கில் கூலியைச் செலவுப் பக்கம் எழுதுவோம். முதலாளி அப்படிப் பார்க்கட்டும். பத்திரிகையுமா? அதே 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் முதலில் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம். நாம் அதிகம் படித்தது, ‘முதலீடு ஓடிப்போய்விடுமோ’ என்ற கவலையை. பெரிய கம்பெனி, அதனால் அதாவது வந்தது. சின்னப் பட்டறையில் ஒருவருக்கு விரல் போனால் நாலு வரி வந்தாலே அதிசயம்.

1918-ல் சென்னை பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சங்கம் கண்டபோது, தோள் கொடுத்த திரு.வி.க. ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர். இன்று யாரும் சங்கம் நடத்த வேண்டாம் சார். ஆலை வாசலுக்குப் போய், ‘மாசம் கைக்கு எவ்வளவு வருது?’ என்று கேட்டால் போதும். ஆனால், நிருபர்களிலேயே பலர் இன்று ஒப்பந்தக்காரர்கள். தனக்கே சங்கம் பேச முடியாதவர் அடுத்தவர் சங்கத்தைப் பற்றி எங்கே எழுதுவது?

நீங்களும் மாசச் சம்பளக்காரர்தானே? நாளைக்கு உங்கள் ஆபீஸில் நூறு பேரை வீட்டுக்கு அனுப்பினால், அந்தச் செய்தியை வணிகப் பக்கத்தில் தேடுங்கள். ‘செலவுக் குறைப்பு’ என்று போட்டிருப்பார்கள்.