உருகாமல் சேர்வது

எஃகுத் தகட்டின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து வழக்கமான ஸ்பாட் வெல்டிங் அடித்தால், ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரியும். இடுக்கில் உளியை விட்டு நெம்பினால் படக்கென்று விட்டுவிடும். ஒன்று 660 டிகிரி செல்சியஸில் உருகுவதும் மற்றது 1,500 டிகிரியை ஒட்டி உருகுவதும் பாதிக் காரணம்தான். இரண்டும் சேரும் இடத்தில் இரும்பு-அலுமினியச் சேர்மம் ஒன்று படலமாகப் படிகிறது. அது கண்ணாடி போல நொறுங்கக்கூடியது. சுமார் 10 மைக்ரானுக்கு மேல் அது தடிக்கக் கூடாது என்பது இத்துறையில் பலரும் சொல்லும் கணக்கு. சூட்டைக் குறைத்து இந்தப் படலத்தை வளரவிடாமல் வைப்பதற்கே ஆய்வாளர்கள் இத்தனை ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனம் 1991இல் கண்டுபிடித்த உராய்வுக் கலக்கல் வெல்டிங்கில் உலோகம் உருகுவதே இல்லை. சுழலும் முனை ஒன்று இறங்கி, உராய்வுச் சூட்டில் இளகிய உலோகத்தை மாவு போலப் பிசைந்து சேர்க்கிறது. 2013 மாடல் அக்கார்டு காரின் முன்பக்க சப்ஃபிரேமில் எஃகையும் அலுமினியத்தையும் ஹோண்டா இப்படித்தான் இணைத்தது. சப்ஃபிரேமின் எடை 25 சதவீதம் குறைந்தது. அழகான முறை. ஆனால் முனை அழுத்தும் விசையைத் தாங்க அடியில் கெட்டியான பிடிமானம் வேண்டும். வளைந்து நெளியும் பாடித் தகடுகளுக்கு அது சுலபத்தில் வாய்ப்பதில்லை.

கார் தொழிற்சாலைகளில் வேரூன்றியது ரிவெட்டும் பசையும்தான். முன்கூட்டித் துளை போடாமலே அடிக்கப்படும் ரிவெட் இது. உள்ளே குழலாக இருக்கும் இந்த எஃகுத் துண்டு மேல்தகட்டைத் துளைத்து இறங்கி, கீழ்த்தகட்டுக்குள் கால் பரப்பி நின்றுவிடும். அடிப்புறம் கிழிவதில்லை, சிறு குமிழ் மட்டும் புடைத்திருக்கும். குறுக்கே அறுத்துப் பார்த்தால், பரந்த அந்தக் கால்கள் இரு தகடுகளையும் கவ்விக்கொண்டிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். 2003இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜேயின் அலுமினிய உடலில் 3,000க்கும் மேற்பட்ட ரிவெட்டுகள், கூடவே பசை. அங்கே கைவந்த வித்தைதான் பிறகு எஃகு-அலுமினியக் கலப்பு உடல்களுக்கும் பயன்பட்டது.

பசைக்கு வேறு வேலைகளும் உண்டு. கார்பன் ஃபைபர் அலுமினியத்தைத் தொட்டு நிற்க, ஈரமும் உப்பும் சேர்ந்தால் அந்த இடமே மின்கலம் ஆகிவிடும்; அலுமினியம் அரிக்கப்படும். நடுவே இருக்கும் பசைதான் திரை. 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3யில் கார்பன் ஃபைபர் கூடு அலுமினிய அடிச்சட்டத்தின் மேல் அமர்ந்தது. காரின் உடலில் பூசிய பெயின்டை இறுக்கும் அடுப்பில் வேறொரு சோதனை காத்திருக்கிறது. 180 டிகிரிச் சூட்டில் ஒரு மீட்டர் அலுமினியம் கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர் நீள, எஃகு 1.9 மில்லிமீட்டர்தான் நீளும். பசை இறுகுவதும் அதே அடுப்பில்தான். ஆறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்க, அந்த இழுபறியை மூட்டு வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறது. இதைப் பற்றி இன்னும் நிறைய ஆராய்ந்தாக வேண்டும் என்பது என் எண்ணம்.

2017இன் ஆடி ஏ8இல் எஃகு, அலுமினியம், மெக்னீசியம், கார்பன் ஃபைபர் நான்கையும் சேர்க்க 14 இணைப்பு முறைகள் தேவைப்பட்டன. அப்படிச் சேர்த்ததை மறுசுழற்சிக்காகப் பிரிப்பது எப்படி? எஃகு ரிவெட்டோடு உருக்கும் உலைக்குப் போகும் அலுமினியத்தில் இரும்பு கரைந்துவிட்டால், அதை மறுபடி வெளியே எடுப்பது மிகக் கடினம். சூடேற்றினால் தானாகப் பிடியை விடும் பசைகளை ஆய்வுக்கூடங்கள் முயன்று வருகின்றன. அதே பசை பெயின்ட் அடுப்பின் சூட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும்.