சின்னக் கால்களுக்கு ஒரு மலை

கோடை விடுமுறையில் சிறுபிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போக, குமரி மாவட்டத்தில் சிதறாலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்தே கல் பாவிய பாதை, ஓரங்களில் கொல்லாமரங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் நின்று நின்று ஏறிவிடும்.

மேலே, இரு பாறைகளுக்கு நடுவே குறுகலான வழி. குகைக்குள் போவதுபோல் பிள்ளைகள் குதூகலிப்பார்கள். உள்ளே 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள்: பாம்புப் படத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதர், சிங்கத்தோடு இருக்கும் அம்பிகை. “சிங்கம் எங்க நிக்குது மக்களே?” என்று கேட்டால் போதும், பாறை முழுக்கத் தேடிவிடுவார்கள். வரலாறு அப்படித்தான் சின்ன மனதில் ஏறும். உச்சியில் நின்றால் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை.

ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலில் பாறை சுடும். பிற்பகலில் இடிமழை வரலாம். ஆகவே காலையிலேயே ஏறி, உச்சிவெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். தொப்பி, செருப்பு, தாராளமாகத் தண்ணீர், கொஞ்சம் மோர். கூடவே ஒரு சீப்பு மட்டிப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சிறிய, மணமுள்ள பழத்தைத்தான் நம் வீடுகளில் கைக்குழந்தைக்கும் ஊட்டுகிறோம். பிள்ளையின் கைக்கு அளவான பழம்.

திற்பரப்பு அருவியும் மாத்தூர் தொட்டிப்பாலமும் பக்கத்தில்தான். ஆனாலும் அவற்றை வேறொரு நாளுக்கு வையுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மலை தாராளம்.