பல்துகள் ஓரிடப்படுதல்: திறனாய்வு

ஒழுங்கற்ற குவாண்டம் அமைப்பில் துகள்கள் ஒன்றோடொன்று இடைவினை புரிந்தும் வெப்பச் சமநிலை அடையாதிருப்பது பல்துகள் ஓரிடப்படுதல் எனப்படுகிறது. தனித்துகள் ஒழுங்கின்மையால் ஓரிடத்தில் சிறைப்படலாம் என்று பிலிப் ஆண்டர்சன் 1958 இல் காட்டினார். இடைவினை இருந்தாலும் தாழ்ந்த வெப்பநிலையில் இந்நிலை நீடிக்கும் என்று பாஸ்கோ, அலைனர், ஆல்ட்ஷுலர் ஆகியோர் 2006 இல் வாதிட்டனர்.

இதற்கு 2013 இல் எளிய விளக்கம் கிடைத்தது. பொதுவான தனித்த அமைப்பில் மொத்த ஆற்றல் போன்ற சில கணியங்களே மாறாமல் காக்கப்படும். ஓரிடப்பட்ட அமைப்பிலோ ஒவ்வொரு தளத்தையும் ஒட்டி ஒரு காப்புக் கணியம் உண்டு. அதனால் தொடக்க நிலையின் நினைவு அழிவதில்லை. குவாண்டம் பின்னல் மடக்கை முறையில் மெதுவாக வளர்வதையும் இக்கருத்து விளக்குகிறது. இதுவே அதன் சிறப்பு.

எனினும் அதன் அடித்தளம் இன்னும் உறுதிப்படவில்லை. ஒரு பரிமாணச் சங்கிலிக்கு ஜான் இம்ப்ரி தந்த நிறுவல், ஆற்றல் மட்டங்களைப் பற்றிய ஓர் எடுகோளைச் சார்ந்துள்ளது. 20 தற்சுழற்சிகளுக்கே 10,48,576 நிலைகள் உள்ளதால், துல்லியக் கணிப்பு சிறிய சங்கிலிகளோடு நின்றுவிடுகிறது. குளிர் அணுக்களைக் கொண்டு 2015 இல் வெளியான சோதனையும் வரம்புக்குட்பட்ட நேரத்தையே அளந்தது. ஒழுங்கின்மை குறைந்த ஒரு சிறு பகுதி, அண்டைத் தளங்களை ஒவ்வொன்றாக வெப்பச் சமநிலைக்கு இழுத்துவிடலாம் என்று தெ ரூக், யூவெனேர் இருவரும் 2017 இல் எச்சரித்தனர்.

மிக மெதுவாக மாறும் கணியத்தையும் என்றும் மாறாக் கணியத்தையும் சிறிய அமைப்பில் பிரித்தறிவது கடினம். ஆகவே இக்கோட்பாடு சிறிய அமைப்புகளுக்குப் பயனுள்ள விளக்கம். எல்லையற்ற அமைப்புக்கு அது இன்னும் முடிவாகாத கேள்வியே.