ஒரே பேர், வேறு ஆள்

பழந்தமிழ்ப் புலவர் வரலாற்றில் காலெடுத்து வைக்கிறவரை முதலில் மறிப்பது பேர்க் குழப்பம்தான். ஔவையார் என்றால் எந்த ஔவையார்? கபிலர் என்றால் எந்தக் கபிலர்? இதைக் கேட்காமலே நாம் மேடையில் பேசுகிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்.

கிரேக்க நாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. இயக்கமே பொய் என்று வாதாடிய ஜீனோ எலியா ஊர்க்காரர். ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய ஜீனோ, சைப்ரஸ் தீவின் சிட்டியம் ஊர்க்காரர். இருவருக்கும் இடையில் நூறாண்டுக்கு மேல் இடைவெளி. கி.மு. முதல் நூற்றாண்டில் மக்னீசியா ஊர் டெமட்ரியஸ் என்பவர், ஒரே பேருள்ள புலவர்களையும் எழுத்தாளர்களையும் பிரித்துக் காட்டவே தனி நூல் செய்தார். பின்னால் வந்த டயோஜனிஸ் லயர்ஷியஸ் அதைப் பயன்படுத்தி, ஜீனோ என்ற பேரில் எட்டுப் பேர் இருந்ததாக எழுதிவைத்தார்.

சமணரிலும் இரண்டு ஜினசேனர்கள் உண்டு. கி.பி. 783-இல் அரிவம்ச புராணத்தை முடித்தவர் புன்னாட சங்கத்தார், கீர்த்திசேனரின் மாணவர். ஆதிபுராணம் பாடியவர் வீரசேனரின் மாணவர். குரு யார், சங்கம் எது என்று எழுதி வைத்ததால் இருவரும் தப்பினார்கள்.

நம் முன்னோர் மட்டும் கவனக் குறைவாகவா இருந்தார்கள்? இல்லவே இல்லை. சங்கப் பாட்டுகளின் அடியில் உள்ள பேர்களைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். ஊர், தொழில், தகப்பன் என்று அடையாளம் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கூலவாணிகன் சாத்தனார் என்றால் தானியக் கடைக்காரர் என்று நம்மைப் போன்ற வியாபாரிகளுக்குச் சட்டென்று விளங்கும்.

பாலக்காட்டுப் பக்கம் பேரேடு எழுதியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. வெறும் முருகேசன் என்று எழுதினால் பற்று யார் தலையில் விழும்? கொழிஞ்சாம்பாறை முருகேசன், சித்தூர் முருகேசன் என்று எழுதினால்தான் கணக்கு நிற்கும். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் எந்த எஸ்டேட், எந்த லயம் என்று கேட்டுத்தானே ஆளைப் பிடிக்கிறோம்?

அப்படியிருக்க, ஔவையார் கணக்கு எப்படிக் குழம்பிற்று? சங்க ஔவையார் பேரில் 59 பாட்டுகள் உள்ளன. அவற்றில் 33 புறநானூற்றில் இருக்கின்றன. மற்ற 26-உம் காதலும் பிரிவும் பேசும் அகப்பாட்டுகள். தகடூர் அதியமான் நெடுமானஞ்சியின் போர்த்திறத்தை அவர் பாடினார். தொண்டைமானிடம் தூது போனார். அதியமானோடு கள் பகிர்ந்ததைப் பாட்டிலே சொன்னார். பல நூற்றாண்டுக்குப் பின் வந்த ஆத்திசூடி ஔவையாரோ போர்த்தொழிலே வேண்டாம் என்கிறார். கொன்றைவேந்தனில் புலாலையும் கொலையையும் விலக்கச் சொல்கிறார். பாட்டின் நடை வேறு, நெறி வேறு, காலமும் வேறு. இருவரையும் ஒன்றாக்க, நெல்லிக்கனி தின்று நெடுங்காலம் வாழ்ந்தார் என்று கதை கட்டினோம். 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்து ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படம் அந்த ஒற்றைப் பாட்டியை ஊரெல்லாம் நிலைநிறுத்திவிட்டது.

கபிலர் கதையும் இப்படித்தான். பாரியின் நண்பர் சங்கக் கபிலர். பதினொன்றாம் திருமுறையில் பிள்ளையாரைப் பாடும் கபிலதேவ நாயனார் வேறொருவர். சங்கப் பாட்டிலே பிள்ளையார் வழிபாடு கிடையாது. ‘தேவ நாயனார்’ என்ற அடைமொழி இருந்தும் நாம் கவனிப்பதில்லை.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். பாட்டிக் கதை நல்லதும் செய்திருக்கிறது; எழுத்தறியாத வீட்டிலும் ஆத்திசூடி வாய்ப்பாடமாக நின்றதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். மலையாளமோ ஆங்கிலமோ படிக்கிற நம் பிள்ளைகளுக்கு முதல் தமிழே அவர்தான். ஆனால் ஒருத்தர் வரவை இன்னொருத்தர் கணக்கில் வைத்தால், வாங்கினவருக்கு லாபம், கொடுத்தவருக்கு நட்டம். இங்கே நட்டப்பட்டவர் சங்க ஔவையார். அரசவையில் வாதாடி, காதலைப் பாடி, நண்பன் இறந்தபோது கதறிய ஒரு பெண் புலவர், புத்தி சொல்லும் பாட்டிக்குள் மறைந்துபோனார். பெண் ஒருத்தி அப்படியும் வாழ்ந்தாள் என்று நம் பெண் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது.

கதையை விட வேண்டாம். கதையைக் கதையென்றே சொல்லுவோம். நம் சங்கம் அடுத்த பேச்சுப் போட்டிக்கு ‘ஔவையார்’ என்று தலைப்புக் கொடுக்கும்போது, எந்த ஔவையார் என்பதையும் சேர்த்து அச்சிடட்டும்.