பணி நேரத்துக்குப் பின் அறிவியல் எழுதும் ஆசிரியர்கள்

தமிழில் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட அறிவியலில் கணிசமான பகுதி, பாடம் நடத்துவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மிஞ்சிய பொழுதில் எழுதியது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தம் மாணவர்களுக்காக உடற்கூற்றியல், அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த 'கலைக்களஞ்சிய'த்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய 'துளிர்' இதழிலும் ஆசிரியர்களின் கைவண்ணம் அதிகம். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பல பதிற்றாண்டுகள் அறிவியல் எழுதிய பெ. நா. அப்புசாமி வழக்கறிஞர்.

அச்சிதழுக்கு எழுதியவர்கள் இடத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டிருந்தார்கள். படத்துக்கு அரைப் பக்கம் கேட்டால் கால் பக்கம் கிடைக்கும். வால்நட்சத்திரம் வந்துபோன பிறகு அதைப் பற்றிய கட்டுரை வெளியாகும். இணையம் இந்தத் தடைகளை நீக்கியது என்று சொல்வது வழக்கம். ஆனால் தமிழைப் பொறுத்தவரை அது முதலில் வேறொரு தடையைத்தான் கொடுத்தது. 1990களில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி எழுத்துரு. அது கணினியில் இல்லையென்றால் கட்டுரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியே தாப், தாம் குறியேற்றங்களும் 'தமிழ்99' விசைப்பலகையும் வந்தன. திஸ்கி என்ற வேறொரு குறியேற்றம் இன்னொரு பக்கம் வழங்கியது. யூனிகோடு பரவிய பிறகுதான் எழுதியவரின் திரையில் தெரிந்த தமிழ் வாசிப்பவரின் திரையிலும் அப்படியே தெரிந்தது. தமிழ் வலைப்பதிவுகள் பெருகியதும் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் 2003ஐ ஒட்டி என்பது தற்செயல் அல்ல.

வலைப்பதிவு ஆசிரியருக்கு இயல்பாகவே ஒத்துவந்த வடிவம். நீளத்துக்கு எல்லை கிடையாது, கரும்பலகையில் வரைந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்து அப்படியே ஒட்டலாம், தவறு தெரிந்தால் அன்றிரவே திருத்தலாம். வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி மறுநாள் பதிவாகிவிடும். குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது, மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது போன்றவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை. பாடநூல் சூத்திரத்தில் தொடங்கி உதாரணத்தில் முடிக்கும். நல்ல பதிவு அடுப்படியில் தொடங்கும். பாடநூலின் வரிகளையே மறுபடி தட்டச்சு செய்த பதிவுகளும் ஏராளம். தேர்வுக் குறிப்புக்கு அவை உதவியிருக்கலாம், அறிவியல் எழுத்து என்ற கணக்கில் அவற்றைச் சேர்ப்பதற்கில்லை.

இந்த எழுத்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கிரகண நாள்களில் பார்க்கலாம். 2019 டிசம்பர் 26இல் கங்கண சூரிய கிரகணம் கோவை, கரூர், திண்டுக்கல் வழியாக யாழ்ப்பாணம் வரை தெரிந்தது. கிரகண நேரத்தில் மட்டும் உலக்கை தானாக நிற்கும் என்பது தமிழகத்தின் பழைய நம்பிக்கை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தி எடுத்த படங்கள் கிரகணந்தோறும் கைப்பேசிகளில் சுற்றும். அறிவியல் ஆசிரியர் இதற்குத் தரும் பதில் எளிது: வேறொரு நாளில் நிறுத்திப் பாருங்கள். உலக்கையின் அடி தட்டையானது. எடை மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு அந்த அடிப்பரப்புக்குள் விழும்வரை அது எந்த நாளிலும் நிற்கும். பொறுமையாகக் கையை எடுப்பதுதான் வித்தை. சூரியனும் நிலவும் ஒரே பக்கம் இழுப்பதால் நிற்கிறது என்பாருக்கு, ஒவ்வொரு அமாவாசையிலும் அவை ஏறத்தாழ அப்படித்தான் இருக்கின்றன என்பது பதில். கிரகணத்தின்போது மரநிழலில் இலை இடுக்குகள் ஊசித்துளைகளாகி, தரையெங்கும் சூரியனின் பிறைகளையும் வளையங்களையும் வரையும். அதைக் காட்டிய ஒரு படம், கட்டுரைகள் பல செய்யாததைச் செய்தது.

சமூக ஊடகங்கள் வந்ததும் ஆசிரியரின் வேலை மாறியது. எதை எழுதலாம் என்று யோசித்த இடத்தில், எதை மறுக்கலாம் என்று பார்க்க வேண்டியதாயிற்று. இன்றிரவு காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகே வருகின்றன, செல்பேசியை அணைத்துவிட்டுத் தூரமாக வையுங்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி ஆண்டுகள் பல கடந்தும் ஓயவில்லை. காஸ்மிக் கதிர்கள் எப்போதும் வந்துகொண்டே இருக்கின்றன, வளிமண்டலமும் பூமியின் காந்தப்புலமும் பெரும்பகுதியைத் தடுக்கின்றன, செல்பேசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த மூன்று வரிகளை ஆசிரியர் உறவினர் குழுவிலும் பெற்றோர் குழுவிலும் ஊர்க் குழுவிலும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதென 2018இல் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. வரம்பு வதந்திக்கும் மறுப்புக்கும் பொதுவானது.

காணொளி வேறொரு கதவைத் திறந்தது. எழுத்தில் செந்தமிழுக்கு முயன்று தடுமாறியவர்கள் யூடியூபில் வகுப்பில் பேசுவதுபோலவே பேசினார்கள். ஊசிமருந்துக் குழல் இரண்டைக் குழாயால் இணைத்துப் பாஸ்கல் விதியைக் காட்டுவதற்கு எழுத்தைவிடக் காணொளியே ஏற்றது. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தாவின் புனே பட்டறைக் காணொளிகள் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கிடைத்ததும் ஆசிரியர்களுக்கு முன்மாதிரியாயிற்று. தமிழ்நாட்டில் புதிய பாடநூல்களில் கியூஆர் குறிகள் அச்சாயின, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, காமிரா முன் நிற்கப் பழகியிருந்த ஆசிரியர்கள் திடீரென்று அவசியமானவர்களானார்கள்.

ஆசிரியருக்குச் சில கட்டுப்பாடுகளும் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் பொருந்தும். நியூட்டனைப் பற்றி எழுதலாம், ஆய்வகத்தில் அமிலம் இல்லையென்று எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். சோதனை செய்யும் குழந்தையின் முகத்தைக் காட்டுவதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்ற கவனம் மெதுவாகத்தான் வருகிறது. வருகைப் பதிவும் துறைச் சுற்றறிக்கைகளும் பாடக் காணொளியும் ஒரே கைப்பேசியில் வந்து சேர்வதால், மாலை என்று தனியாக ஒன்று பலருக்கு இல்லை.

இவற்றில் எது நிலைக்கிறது என்று பார்த்தால் ஊடகங்கள் வரிசை மாறி நிற்கின்றன. பழைய எழுத்துருவில் இருந்த தளங்களில் பல மறைந்துவிட்டன. யூனிகோடில் எழுதிய இலவச வலைப்பதிவுகள், எழுதியவர் நிறுத்திய பின்னும் தேடலில் வருகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் அறிவியல் கட்டுரைகளை வேறொருவர் வந்து திருத்தி வளர்க்கிறார். முகநூல் பதிவு சில நாளில் கீழே போய்விடுகிறது, தேடினாலும் எளிதில் அகப்படுவதில்லை. பெரும் உழைப்பு இன்று போவது வாட்ஸ்அப் குழுக்களில். அங்கே எழுதிய விளக்கங்கள் கைப்பேசி மாறும்போது பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. அடுத்த கிரகணத்துக்கு உலக்கை விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும்.